வெளியே நின்று பாடிய பாட்டுகள்

சனி, சீர்காழி

இந்தப் பயணத்துக்குக் கோயில் பட்டியல் கிடையாது, பாட்டுப் பட்டியல்தான் உண்டு. சில மாதங்களாகத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கும் பாட்டுகளை ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். பாதிக்கு மேல் சீர்காழிக்கும் நாகூருக்கும் நடுவே ஏதோ ஓர் ஊரோடு ஒட்டிக்கொண்டிருந்தன. அலுவலகத்தில் விடுப்பு மிச்சம் இருந்தது. மயிலாடுதுறையில் சித்தப்பா வீடு இருக்கிறது. அப்புறம் என்ன, டிக்கெட் போட்டாகிவிட்டது.

ரயிலை விட்டு இறங்கும்போதே வெயில் ஏறிவிட்டது. தை அறுவடை முடிந்த வயல்களில் உளுந்து தலைகாட்டுகிறது. சாலையில் ஒரு பக்கத்தை அடைத்து நெல் காயப்போட்டிருக்கிறார்கள். பேருந்துகள் அதற்கு மரியாதை கொடுத்து ஒதுங்கிப் போகின்றன.

சீர்காழி என்றதும் என் காதுக்கு முதலில் வருவது கோவிந்தராஜன்தான். ஞானசம்பந்தர் பொறுத்துக்கொள்ள வேண்டும். 1933இல் இங்கே பிறந்து 1988இல் மறைந்தவர். வெண்கலக் குரல் என்று சொல்லிச் சொல்லி அந்தப் பட்டம் தேய்ந்தே போய்விட்டது. ஆனாலும் ‘கர்ணன்’ படத்தின் ‘உள்ளத்தில் நல்ல உள்ளம்’ பாட்டைக் கேட்டுவிட்டு அவருக்கு வேறு பட்டம் யோசிப்பது கடினம். போர்க்களம், அம்பு பட்டுச் சரிந்து கிடக்கிற கர்ணன், எதிரே கண்ணன். அந்தக் காட்சியில் பாடுகிறவன் அழுதால் பாட்டு கெட்டுவிடும், அழாவிட்டால் அர்த்தம் கெட்டுவிடும். சீர்காழி சக்கரவாகத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டுக்கும் நடுவில் நடக்கிறார். ‘கர்ணா’ என்று கூப்பிடும் இடத்தில் குரல் திறந்த வெளிக்குள் போகிறது, சுவரில் மோதித் திரும்புவதே இல்லை.

அதைவிட இப்போது அதிகம் கேட்பது ‘சமரசம் உலாவும் இடமே’. 1956இல் வந்த ‘ரம்பையின் காதல்’ படப் பாட்டு. மருதகாசி எழுத்து, டி.ஆர். பாப்பா இசை. சுடுகாட்டைப் பற்றிய பாட்டு. புதிதாகக் குடிவருகிறவருக்கு வீட்டைச் சுற்றிக் காட்டுவதுபோல, பதற்றமே இல்லாமல் பாடுகிறார். ஆண்டியும் அரசனும் ஒன்றாகும் இடம் இது என்ற சேதி நமக்குப் பழையதுதான். அதைப் பயமுறுத்தாமல் சொல்கிறார் என்பதற்காகவே நான் மறுபடி மறுபடி போட்டுக் கேட்கிறேன்.

ஊரில் தமிழிசை மூவருக்கு மணிமண்டபம் இருக்கிறது. முத்துத்தாண்டவர், அருணாசலக் கவிராயர், மாரிமுத்தாப் பிள்ளை. உள்ளே நான் போனபோது ஈ காக்கை இல்லை. மூவரில் எனக்கு நெருக்கமானவர் முத்துத்தாண்டவர். கமாஸ் ராகத்தில் ‘தெருவில் வாரானோ, என்னைச் சற்றே திரும்பிப் பாரானோ’ என்று ஒரு பதம் வைத்திருக்கிறார். தில்லை நடராசர் வீதியுலா வருகிறார், ஒரு பெண் வாசலில் காத்து நிற்கிறாள், அவ்வளவுதான் கதை. அவள் சந்நிதிக்குப் போகவில்லை. சாமியே தெருவுக்கு வர வேண்டும், வந்ததும் தன் பக்கம் பார்க்க வேண்டும் என்கிறாள். பக்திப் பாட்டில் இவ்வளவு உரிமையான எதிர்பார்ப்பு எனக்குப் பிடிக்கிறது.

அருணாசலக் கவிராயர் (1711–1779) விஷயத்தில் ஒரு சின்னத் தகவல். தில்லையாடியில் பிறந்து சீர்காழியில் வாழ்ந்தவர். இராம நாடகத்துக்குச் சொல் அவருடையது. மெட்டுப் போட்டவர்கள் பக்கத்துச் சட்டநாதபுரத்தைச் சேர்ந்த வேங்கடராமையரும் கோதண்டராமையரும். அதில் வரும் ‘யாரோ இவர் யாரோ’வைக் கச்சேரியில் கேட்டு உருகுகிறோம், கவிராயரைச் சொல்கிறோம், அந்த இரண்டு பேரையும் யாரும் சொல்வதில்லை. பாட்டு எழுதியவர் பெரியவரா, இசையமைத்தவர் பெரியவரா என்ற நம் காலத்துச் சண்டைக்கு இங்கே 18ஆம் நூற்றாண்டிலேயே ஒரு வழக்கு இருக்கிறது, தலைகீழாக.

மாலைப் பேருந்தில் மயிலாடுதுறை வந்தபோதுதான் பட்டியலைப் பற்றி ஒன்று உறைத்தது. நான் விரும்பிக் கேட்கிற பாட்டுகளில் பாடுகிறவர் பெரும்பாலும் வெளியே நிற்கிறார். தெருவில், களத்தில், மைதானத்தில், சந்நிதி வாசலில். காதுக்குள் வந்து கிசுகிசுக்கிற பாட்டுகளைக் கடந்த சில வருடங்களாக நிறையக் கேட்டுவிட்டேன். அவற்றில் அருமையானவை உண்டு, குறை சொல்லவில்லை. ஆனால் எட்ட நின்று கூப்பிடுகிற தொண்டைதான் இப்போது வேண்டியிருக்கிறது.

ஞாயிறு, திருப்புன்கூர்

வைத்தீஸ்வரன்கோவிலில் இறங்கி மேற்கே மூன்று கிலோமீட்டர் போக வேண்டும். ஆட்டோக்காரர் என்னை நாடி ஜோசியம் பார்க்க வந்தவன் என்று முடிவு கட்டியிருந்தார். திருப்புன்கூர் என்றதும், “நந்தி பார்க்கவா சார்?” என்று கேட்டார். ஆமாம், நந்தி பார்க்கத்தான்.

சாதியால் கோயிலுக்குள் போக முடியாமல் வெளியே நின்ற நந்தனுக்காக நந்தி விலகிய தலம். சிவலோகநாதர் சந்நிதிக்கு நேரே, நடுக்கோட்டை விட்டுக் கொஞ்சம் தள்ளித்தான் நந்தி படுத்திருக்கிறது. வெளியே நின்று பார்க்கிறவனுக்கு லிங்கம் தெரிய அது போதும். நானும் வெளியே நின்றுதான் முதலில் பார்த்தேன். அப்புறம் உள்ளே போனேன். என்னால் போக முடிந்தது.

கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனைகளில் இந்த ஒரு நிகழ்ச்சிக்கு இரண்டு பாட்டுகள் இருக்கின்றன. ‘வழிமறைத்திருக்குதே, மலைபோல ஒரு மாடு படுத்திருக்குதே’ என்பது நந்தன் பாடுவது, நாட்டைக்குறிஞ்சி. ‘சற்றே விலகியிரும் பிள்ளாய், சந்நிதானம் மறைக்குதாமே’ என்பது சிவன் நந்தியிடம் சொல்வது, பூர்விகல்யாணி. ஒரே இடம், வாசலிலிருந்து ஒரு பார்வை, கருவறையிலிருந்து ஒரு பார்வை. நந்தன் பாட்டில் ஆத்திரம் கிடையாது. நாட்டைக்குறிஞ்சியின் இனிமையில் ஏக்கம் மட்டும் இருக்கிறது, நடுவே அந்த ‘மாடு’ மட்டும் வயல்காரன் வாயிலிருந்து அப்படியே வந்து விழுகிறது. சிவன் பாட்டில் அதட்டல் கிடையாது. வீட்டுப் பெரியவர் பேரனைத் தள்ளி உட்காரச் சொல்கிற குரல். கோயிலின் எதிர்ச்சுவர் நிழலில் உட்கார்ந்து இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டேன். குருக்கள் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஆனால் இந்தத் தொகுப்பில் என்னைப் பிடித்து வைத்திருப்பது மூன்றாவது ஒன்று. ‘வருகலாமோ ஐயா, உந்தன் அருகில் நின்று கொண்டாடவும் பாடவும் நான்.’ மாஞ்சி ராகம். பைரவிக்கு மிக நெருங்கிய சொந்தம்; கொஞ்சம் அசந்தால் பாடகர் பைரவிக்குள் போய்விடுவார் என்பார்கள். அவசரமே படாத வேகம். கேள்வியாகத் தொடங்குகிறது, கேள்வியாகவே சுற்றிச் சுற்றி வருகிறது. பதில் பாட்டுக்குள் இல்லை. நல்ல வித்வான்கள் பல்லவியை ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் ‘வருகலாமோ’வில் ஒரு சின்னத் தயக்கம் வைப்பார்கள். காலை வைக்கவா வேண்டாமா என்ற தயக்கம். அதை சங்கதி, ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடுவது என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம்தான், ஆனால் அங்கே ஒரு மனிதன் நிற்கிறான்.

பெரியபுராணத்தில் சேக்கிழார் சொல்லும் ஒரு செய்தி இந்தப் பாட்டோடு சேர்ந்து என்னைத் துரத்துகிறது. நந்தனார் கோயில்களுக்குக் கொடுத்துவந்தது, பேரிகை முதலிய முழவுகளுக்குப் போர்த்தும் தோல், இழுத்துக்கட்டும் வார், வீணைக்கும் யாழுக்கும் நரம்பு. உள்ளே ஒலித்த இசைக்குத் தோலும் நரம்பும் அவர் கொடுத்தவை. அவர் மட்டும் வெளியே.

நந்தனைப் பண்ணையில் வேலைக்கு வைத்திருக்கும் கொடுமைக்கார வேதியர் சேக்கிழாரிடம் கிடையாது. அந்தப் பாத்திரத்தைக் கொண்டுவந்தவர் பாரதியார். புராணம் அறியாத கிராமத்து ஜனம் நந்தன் பக்கம் நின்று அழுததற்கு அந்த வேதியர்தான் காரணம் என்று நினைக்கிறேன். பண்டிதர்களுக்கு நூல் அவ்வளவாகப் பிடிக்கவில்லை. மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சிறப்புப்பாயிரம் (நூலைப் பாராட்டி முன்னால் சேர்க்கும் செய்யுள்) கேட்டுப் பாரதியார் பலமுறை நடந்ததையும், பிள்ளையவர்கள் இலக்கணப் பிழைகளை நினைத்துத் தயங்கியதையும் உ.வே.சா. எழுதியிருக்கிறார். கடைசியில் காத்திருந்த நேரத்தில் பாரதியார் பாடிக்கொண்டிருந்ததைக் கேட்டுத்தான் பிள்ளையவர்கள் இளகினாராம். ஆக, எழுதியவரும் ஒரு வாசலில் காத்திருந்திருக்கிறார்.

1935இல் வந்த ‘பக்த நந்தனார்’ படத்தில் நந்தனாக நடித்தவர் கே.பி. சுந்தராம்பாள். சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். அந்தக் காலத்து லட்சம்! அவரோடு நடித்தவர் மகாராஜபுரம் விஸ்வநாதய்யர். மைக் இல்லாத நாடகக் கொட்டகையில் கடைசி வரிசை வரை கேட்கப் பாடிப் பழகிய தொண்டைக்குக் கொடுத்த விலை அது. நந்தன் வேடத்துக்கு ஒரு பெண்ணா என்று அப்போதும் சிலர் முகம் சுளித்தார்கள். பாட்டு என்று வந்துவிட்டால் அந்தக் குரலைத் தாண்டி யாரைப் போடுவது?

கதையின் முடிவு எனக்கு ஒத்துவருவதில்லை. திருப்புன்கூரில் மாடு விலகியது. தில்லையில் யாரும் விலகவில்லை, நந்தன்தான் தீயில் இறங்க வேண்டியிருந்தது. கேட்கும்போது நான் திருப்புன்கூரோடு நிறுத்திக்கொள்கிறேன்.

திரும்பும்போது ரயில். வைத்தீஸ்வரன்கோவிலுக்கும் மயிலாடுதுறைக்கும் நடுவில் ஆனந்ததாண்டவபுரம் என்று ஒரு சின்ன நிலையம் வரும். கோபாலகிருஷ்ண பாரதியார் வாழ்ந்த ஊர். வண்டி நின்றது, இரண்டு பேர் ஏறினார்கள், கிளம்பியது.

திங்கள், நரசிங்கம்பேட்டை, திருவாவடுதுறை

கும்பகோணம் சாலையில் குத்தாலம் தாண்டிப் போனால் நரசிங்கம்பேட்டை. நாகஸ்வரம் செய்கிற ஊர். 2022இல் நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதை எதிர்பார்த்துப் பெரிய தொழிற்சாலையைத் தேடினால் ஏமாந்துபோவீர்கள். சில வீடுகள், வாசலில் கடைசல் பட்டறை, மரத்தூள்.

ஒரு பெரியவர் உட்காரச் சொல்லிக் காட்டினார். உலவு என்கிற உடம்புக்கு ஆச்சா மரம். புது மரம் ஆகாது. பழைய வீடு இடிக்கும்போது கிடைக்கிற உத்தரம், தூண் போன்றவற்றை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். எத்தனை வருடம் காய்ந்ததோ அத்தனை நல்லது. கீழே விரிந்த வாய்க்கு அணசு என்று பெயர். மேலே நாணல் தட்டையில் செய்த சீவாளி. விரல் வைத்து வாசிக்க ஏழு துளை, நாதத்தைச் சரிசெய்யப் பக்கத்தில் ஐந்து. “மரம் பேசுறதுக்கு முன்னாடி சீவாளி பேசணும் தம்பி. சீவாளி சரியில்லேன்னா எந்தக் கொம்பனும் வாசிக்க முடியாது,” என்றார். விலை கேட்டேன், சொன்னார். அதில் எத்தனை நாள் வேலை இருக்கிறது என்று யோசித்தால் அது விலையே இல்லை.

இந்த ஊரின் ரங்கநாதன் ஆசாரியும் நாகஸ்வர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையும் சேர்ந்துதான் இன்று எல்லோரும் வாசிக்கிற பாரி நாயனத்தை, அதாவது நீண்ட நாகஸ்வரத்தை, சீர்செய்தார்கள். அதற்கு முன் புழக்கத்தில் இருந்தது திமிரி. குட்டையானது, சுருதி ஏறியது, ஊர் எல்லை வரை கேட்கும். ஆனால் அதில் சுத்த மத்தியமம் என்கிற ‘ம’ சுரம் சரியாகப் பேசாது. பாரியில் நீளம் கூடியது, சுருதி இறங்கியது, மத்தியமம் பேசியது. தெருவுக்கென்று செய்த வாத்தியம், தெருவை விடாமலே மேடைக்கும் பொருத்தமானது. பிள்ளை வாழ்க்கையும் அப்படியே. குடுமியை எடுத்து கிராப் வைத்துக்கொண்டார், கோட்டுப் போட்டுக்கொண்டார், மற்ற வித்வான்களைப் போல மேடையில் உட்கார்ந்துதான் வாசிப்பேன் என்று நின்றார். நாயனக்காரர் நின்றுகொண்டு வாசிக்க வேண்டும் என்று எதிர்பார்த்த காலம் அது.

இப்போது பாட்டுக்கு வருகிறேன். ராஜரத்தினத்தின் சீடர் காருகுறிச்சி அருணாசலம். 1962இல் ‘கொஞ்சும் சலங்கை’ படத்தில் எஸ். ஜானகியோடு அவர் நாயனம் சேர்ந்த ‘சிங்கார வேலனே தேவா’. கு.மா. பாலசுப்பிரமணியம் எழுதியது, எஸ்.எம். சுப்பையா நாயுடு இசை, ஆபேரி. தமிழ்நாட்டில் இந்தப் பாட்டைக் கேட்காதவர் இருக்க மாட்டார், பட்டியலில் சேர்ப்பதே கொஞ்சம் கூச்சம்தான். ஆனால் பட்டறையில் உட்கார்ந்து ஒரு நாயனம் எவ்வளவு பெரிய சத்தம் என்று மூன்றடி தூரத்தில் கேட்டுவிட்டு, திரும்பிப் போய் இந்தப் பாட்டைப் போட்டுப் பாருங்கள். பெரியவர் சோதனைக்காக ஊதிய நாலு சுரத்துக்கே என் காது அடைத்துவிட்டது. அப்படிப்பட்ட வாத்தியத்தைக் காருகுறிச்சி ஒரு பெண் குரலுக்குப் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறார். ஜானகி சுரம் பாட, நாயனம் வாங்கித் திருப்பிக் கொடுக்க, கடைசியில் எது குரல் எது குழல் என்று கவனிப்பதை நானே விட்டுவிட்டேன். அடக்கி வாசித்ததாகவும் தெரியவில்லை. காற்றை அவ்வளவு நயமாக விட்டிருக்கிறார்.

வரும் வழியில் திருவாவடுதுறை. மடம், கோயில், குளம், திருமூலர். தோடி என்றால் ராஜரத்தினம் என்று ஆகிவிட்ட அந்தத் தோடி ஆலாபனையின் பழைய இசைத்தட்டுப் பதிவைக் கோயிலுக்கு வெளியே அரசமரத்தடியில் கேட்டேன். இரைச்சல் நிறைந்த பதிவு. அந்த இரைச்சலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு நீண்ட கார்வை வந்து நிற்கிறது, மூச்சு எங்கே எடுத்தார் என்றே தெரியவில்லை. 1956இல் போய்விட்டார். ஐம்பத்தெட்டு வயது.

செவ்வாய், மயிலாடுதுறை

இன்று எங்கும் போகவில்லை. சித்தி செய்த வாழைப்பூ வடை, துலாக் கட்டத்தில் ஒரு நடை, மணிக்கூண்டுப் பக்கம் காபி.

ராத்திரி சித்தப்பா, “நீ அந்தக் காலத்துப் பாட்டெல்லாம் கேக்குறியே, பாகவதர் இந்த ஊர்க்காரர்னு தெரியுமா?” என்றார். தெரியும். எம்.கே. தியாகராஜ பாகவதர் 1910இல் மாயவரத்தில் பிறந்தவர், வளர்ந்தது திருச்சி. ‘மன்மத லீலையை வென்றார் உண்டோ’ என் பட்டியலில் முதலிலேயே இருந்தது. பாபநாசம் சிவன் பாட்டு, சாருகேசி. ‘ஹரிதாஸ்’ 1944 தீபாவளிக்கு வந்து சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளியைப் பார்த்தது எல்லோருக்கும் தெரிந்த கதை. படம் வந்த சில வாரத்தில் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் அவர் கைதானார், 1947இல்தான் விடுதலை. அவரை உள்ளே வைத்துப் பூட்டிய காலத்தில் பெரும்பகுதி அவர் குரல் பிராட்வேயில் தினம் பல காட்சி ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அந்தப் பாட்டில் இருக்கும் உல்லாசத்தை இதை நினைக்காமல் கேட்க எனக்கு இப்போது முடிவதில்லை.

தி.மு.க. மேடைகளில் பாடிய அனிபாவின் ஊரான நாகூருக்கு வியாழக்கிழமை போகிறேன் என்றதும் சித்தப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். “அனிபா பாடுறார்னா அப்ப ஊரே கெளம்பும்ப்பா. தலைவர் வந்து சேர ராத்திரி பதினோரு மணி ஆவும். அதுவரைக்கும் கூட்டத்தைக் கட்டிப் போட்டது யாரு? அந்த மனுஷன்தான். பாதி மீட்டிங்ல கரண்ட் போயிரும். அவருக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்ல.”

“நீங்க பாட்டுக்குப் போனீங்களா, கட்சிக்குப் போனீங்களா?”

“ரெண்டும் வேற வேறயா என்ன?”

புதன், திருவாரூர்

மயிலாடுதுறையிலிருந்து பேரளம், பூந்தோட்டம், நன்னிலம் வழியாக ரயில். ஜன்னலில் முழுக்கத் தட்டையான பூமி. மலை இல்லாத ஊரில் குரல் எங்கேயும் தட்டாமல் போய்க்கொண்டே இருக்கும் என்று தோன்றியது.

கமலாலயக் குளத்தைச் சுற்றவே நல்ல நேரம் பிடிக்கிறது. கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி, செங்கழுநீர் ஓடை ஐந்து வேலி என்று சும்மா சொல்லவில்லை. கர்நாடக இசையின் மும்மூர்த்திகள்: சியாமா சாஸ்திரி 1762, தியாகராஜர் 1767, முத்துசாமி தீட்சிதர் 1775. மூவரும் இந்த ஊரில் பதின்மூன்று வருட இடைவெளிக்குள் பிறந்தவர்கள். இதற்கு விளக்கம் சொல்ல முயன்றவர்கள் நிறையப் பேர். மராட்டிய அரசர்களின் ஆதரவு, காவிரித் தண்ணீர், தஞ்சைக்குப் பக்கம் என்று ஒவ்வொருவரும் ஒன்று சொல்வார்கள். எனக்கு எதுவும் முழுதாகப் போதவில்லை.

தீட்சிதர் இந்த ஊர் அம்மன் கமலாம்பாள் மீது வரிசையாகப் பாடிய கமலாம்பா நவாவரணக் கிருதிகளை இந்த ஊரில்தான் கேட்க வேண்டும் என்று நண்பர் ஒருவர் அனுப்பியிருந்தார். முதல் ஆவரணம் ஆனந்தபைரவியில் முதல் வேற்றுமை, இரண்டாவது கல்யாணியில் இரண்டாம் வேற்றுமை என்று எட்டு வேற்றுமையையும் வரிசையாகக் கோத்து, ஒன்பதாவது ஆஹிரியில் எல்லாவற்றையும் சேர்த்துவிடுகிறார். கமலாம்பாள் சந்நிதிக்கு அருகில் உட்கார்ந்து ஆறாவதான புன்னாகவராளியைக் கேட்டேன். மகத்தான பாட்டு, சந்தேகமே இல்லை. ஆனால் அது உள்ளே உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, தனக்கே பாடிக்கொள்ள வேண்டிய பாட்டு. என் இப்போதைய பசிக்கு அது வேறு சாப்பாடு.

என் பட்டியலில் இருக்கிற தீட்சிதர் வேறு ஆள். நோட்டுஸ்வரம் போட்ட தீட்சிதர். குடும்பம் சென்னைக்குப் பக்கத்தில் மணலியில் இருந்தபோது கிழக்கிந்தியக் கும்பினியாரின் பேண்டு வாத்தியத்தைக் கேட்டிருக்கிறார். அந்த மெட்டுகளுக்குச் சம்ஸ்கிருதத்தில் சாகித்தியம் செய்தார். ‘சக்தி சஹித கணபதிம்’ பாட்டுக் கற்கும் குழந்தைகளுக்கு இன்றும் ஆரம்பப் பாடம். ‘சந்ததம் பாஹிமாம்’ கேட்டால் சிரிப்பு வந்துவிடும், அது பிரிட்டிஷ் ராஜ வாழ்த்தின் மெட்டேதான். அரசரைக் காப்பாற்றச் சொல்லி வேண்டிய மெட்டில் சங்கீத சியாமளாவிடம் தன்னைக் காப்பாற்றச் சொல்லியிருக்கிறார். கமகமே இல்லாமல், அதாவது சுரத்தை அசைத்துக் குழைக்காமல், சுரம் சுரமாக நடக்கிற சங்கராபரணம். நவாவரணம் செய்த அதே மனிதர் சிப்பாய்கள் அணிவகுத்துப் போகும் மைதானத்துப் பாட்டையும் காது கொடுத்துக் கேட்டு, பிடித்துப்போய், வீட்டுக்கு எடுத்து வந்திருக்கிறார். பண்டிதர்கள் இவற்றை விளையாட்டு என்று ஒதுக்குவார்கள். விளையாட்டுதான், இருந்துவிட்டுப் போகட்டும்.

சாயங்காலப் பூசைக்குத் தியாகராசர் சந்நிதியில் பஞ்சமுக வாத்தியம் கேட்டேன். வெண்கலக் குடத்தில் ஐந்து வாய், ஐந்துக்கும் தோல், நடுவாய் கொஞ்சம் பெரிது. ஒவ்வொரு முகத்துக்கும் ஒவ்வொரு நாதம். தோலைப் பார்த்ததும் ஞாயிற்றுக்கிழமை நினைவு வந்தது.

வியாழன், நாகூர்

வியாழக்கிழமை ராத்திரி தர்காவில் கூட்டம் அதிகம் இருக்கும் என்று தெரிந்துதான் வந்தேன். ஐந்து மினாராக்கள். உயரமானது 131 அடி, தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங் கட்டிக்கொடுத்தது. புறாக்கள், ஊதுவத்திப் புகை, தலைமுடி இறக்கிய குழந்தைகள். பொட்டு வைத்தவர்களும் தொப்பி போட்டவர்களும் ஒரே வரிசையில் நெருக்கியடித்து நிற்கிறார்கள்.

நாகூர் இ.எம். அனிபாவை இசை முரசு என்பார்கள். 1925இல் பிறந்து 2015இல் மறைந்தவர். முரசு என்று யார் முதலில் சொன்னார்களோ, அவர்களுக்குக் காது இருந்திருக்கிறது. முறையான சங்கீதப் பயிற்சியின் நெளிவு சுளிவை அவரிடம் தேடக் கூடாது. ஒவ்வொரு சொல்லும் முழுசாக, ழகரம் ழகரமாக, றகரம் றகரமாக, மைதானத்தின் கடைசி ஆளுக்கும் போய்ச் சேரும். ‘இறைவனிடம் கையேந்துங்கள்’ பாட்டின் பலம் அதுதான் என்று நினைக்கிறேன். சொல் எளிமை, மெட்டு எளிமை, குரல் மட்டும் பிரம்மாண்டம். வேண்டுதல் பாட்டை நாம் பொதுவாகக் குழைந்துதான் பாடுவோம். இவர் நிமிர்ந்து நின்று மற்றவர்களைப் பார்த்து, போய்க் கேளுங்கள், கிடைக்கும் என்கிறார். எங்கள் தெருப் பிள்ளையார் கோயில் திருவிழாவில்கூட இந்தப் பாட்டு போடுவார்கள். யாரும் ஆச்சரியப்பட்டதில்லை.

சினிமாவில் அவர் பாடியது கொஞ்சம்தான். ‘பாவ மன்னிப்பு’ (1961) படத்தில் டி.எம். சௌந்தரராஜனோடு ‘எல்லோரும் கொண்டாடுவோம்’. இருவரும் பெரிய தொண்டைக்காரர்கள், யாரும் யாருக்கும் இடம் விட்டுக்கொடுக்கவில்லை, பாட்டுக்கு அதுவே கொண்டாட்டமாகிவிட்டது. முப்பது வருடம் கழித்து இளையராஜா ‘செம்பருத்தி’ (1992) படத்துக்கு அவரைக் கூப்பிட்டு ‘நட்ட நடுக் கடல் மீது’ பாட வைத்தார். வயதான குரல், ஆனால் கடலுக்கு நடுவில் நின்று பாட வேறு யாரைக் கூப்பிட முடியும் என்று கேட்கும்போதே தோன்றும்.

சில்லடிக் கடற்கரை வரை நடந்துவிட்டு வந்து, தர்கா வாசல் பக்கத்துக் கடையில் சூடாக வாடா வாங்கிக்கொண்டேன். மேலே இறால் வைத்துப் பொரித்தது. பக்கத்தில் ஊதுவத்தி, சர்க்கரை, தஸ்பீஹ் மணி, குல்லா விற்கிற சின்னக் கடை. உள்ளே ஸ்பீக்கரில் ‘திக்குத் திகந்தமும் கொண்டாடியே’ ஓடிக்கொண்டிருந்தது. நாகூரைப் பாடிய பாட்டை நாகூரில் கேட்கிறேன். ஸ்பீக்கர் பழசு, கொஞ்சம் கிரீச்சிடுகிறது. என் ஹெட்போனில் கேட்டதைவிட நன்றாகவே இருந்தது. இந்தக் குரலுக்கு நாலு பேர் நடக்கிற தெரு வேண்டியிருக்கிறது, நடுவில் ஒரு மோட்டார் சைக்கிள் ஹார்ன் வேண்டியிருக்கிறது.

கடைக்காரருக்கு எழுபது வயது இருக்கும். நான் நகராமல் நிற்பதைப் பார்த்துவிட்டார்.

“என்ன தம்பி, அனிபா பிடிக்குமா?”

“பிடிக்கும் பாய். இதுக்காகவே மெட்ராஸ்லேர்ந்து வந்திருக்கேன்.”

“இந்தப் பாட்டுக்கா?” என்று சிரித்தார். “இது எல்லாரும் கேக்குறதுதான். நம்மகிட்ட கட்சிப் பாட்டும் இருக்கு. ‘ஓடி வருகிறான் உதயசூரியன்’ இருக்கு, ‘அழைக்கின்றார் அண்ணா’ இருக்கு. எது போட?”

சித்தப்பாவுக்கு போன் போட்டு, ஸ்பீக்கர் பக்கம் நீட்டிப் பிடித்துக்கொண்டு, “ரெண்டாவது போடுங்க பாய்” என்றேன்.